டயாலிசிஸ் நாற்காலியிலும் நைட் டூட்டியிலும் தளர்வுப் பயிற்சி: களைப்பு உண்மையிலேயே குறைகிறதா?

மஞ்சக்குப்பம் சிஸ்டர் (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவில் வேலை பார்க்கிறேன். டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே நோயாளிகளுக்குத் தளர்வுப் பயிற்சி சொல்லிக் கொடுக்கும் பொறுப்பை எங்கள் சிறுநீரக மருத்துவர் என்னிடம் ஒப்படைத்திருக்கிறார். களைப்புக்கு மருந்தில்லாத வழியாம். ஒரு தாளில் ‘ஜேக்கப்சன்’, ‘பென்சன்’ என்று இரண்டு பெயர்களை எழுதி அடிக்கோடு போட்டுக் கொடுத்தார். அதற்குமேல் விளக்க அவருக்கு நேரமில்லை.

தேவை இருக்கிறது, அதில் சந்தேகமே இல்லை. நான்கு மணி நேரம் முடிந்து ஊசியை எடுத்ததும் பலர் எழுந்து நிற்கவே தடுமாறுகிறார்கள். அந்த நிலையில் குறிஞ்சிப்பாடிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் பஸ் பிடித்துப் போகிறவர்கள் உண்டு. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் அன்றைய பொழுது போயிற்று. சிலருக்கு மறுநாள் மதியம் வரை நீள்கிறது. தூங்கி எழுந்தாலும் தீராத களைப்பு அது.

இரண்டு முறைகளில் எதை எடுத்துக்கொள்வது? எந்த நேரத்தில் செய்வது? யாருக்குச் செய்யக்கூடாது?

இன்னொரு விஷயமும் இருக்கிறது. இதைக் கேள்விப்பட்ட நிர்வாகம், செவிலியர்களுக்கும் இதே பயிற்சி என்று சுற்றறிக்கை அனுப்பிவிட்டது. நைட் டூட்டி முடித்து, அடுத்தவரிடம் வார்டை ஒப்படைத்த பிறகு, காலை எட்டு மணிக்கு மேல் கூட்ட அறையில் நடக்கும். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து கட்டாயம். இதைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? நான் நினைப்பதை அப்படியே எழுதினால் நெறியாளர் நீக்கிவிடுவார்.

---

லாஸ்பேட்டை பிசியோ

சிஸ்டர், இரண்டுமே சோதித்துப் பார்க்கப்பட்ட முறைகள்தான்.

எட்மண்ட் ஜேக்கப்சன் சிகாகோவில் இருந்த மருத்துவர். மனம் பதறும்போது தசைகள் இறுகுகின்றன, தசைகளைத் தளர்த்தினால் பதற்றமும் இறங்குகிறது என்பதை வைத்து 1920-களில் தன் முறையை வகுத்தார். ஒரு தசைக் கூட்டத்தை ஐந்து முதல் ஏழு நொடி வரை இறுக்க வேண்டும். பிறகு சட்டென்று விட்டுவிட்டு, அரை நிமிடம் அந்தத் தளர்ச்சியைக் கவனிக்க வேண்டும். கை, தோள், நெற்றி, தாடை, வயிறு, தொடை, பாதம் என்று வரிசையாகப் போகும். அவர் வகுத்தபடி முழுவதும் கற்க மாதக்கணக்கில் ஆகும். இன்று மருத்துவமனைகளில் சொல்லித் தருவது பெரும்பாலும் 1973-இல் பெர்ன்ஸ்டீனும் போர்கோவெக்கும் 16 தசைக் கூட்டங்களாகச் சுருக்கியதிலிருந்து வந்த வடிவம்.

ஹெர்பர்ட் பென்சன் ஹார்வர்டைச் சேர்ந்த இதய மருத்துவர். 1970-களின் தொடக்கத்தில் தியானம் செய்பவர்களை ஆய்வகத்தில் உட்கார வைத்து அளந்தார். அவர்களுடைய உடல் செலவழிக்கும் ஆக்சிஜனும் மூச்சு வீதமும் இறங்குவதைக் கண்டார். பிறகு அந்தத் தியானத்திலிருந்து மதச் சாயலை நீக்கி, யாரும் செய்யக்கூடிய எளிய வடிவமாக மாற்றினார். வசதியாகச் சாய்ந்து கண்ணை மூடி, ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் ஒரு சொல்லை மனத்துக்குள் சொல்ல வேண்டும். எண்ணம் வேறெங்காவது ஓடினால் அதனுடன் மல்லுக்கட்டாமல் சொல்லுக்குத் திரும்ப வேண்டும். பத்து முதல் இருபது நிமிடம், அவ்வளவுதான்.

டயாலிசிஸ் நாற்காலி என்றால் பென்சன் முறைக்கே என் ஓட்டு. ஜேக்கப்சன் முறையை எடுப்பதானால் சில வெட்டுகள் தேவை. ஃபிஸ்டுலா கையை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்து வைத்திருக்கும் கையை, இறுக்கச் சொல்லவே கூடாது. ஊசி குத்தியிருக்கும்போது முஷ்டியை மடக்கினால் மெஷின் அலறும், ஊசியும் நகரலாம். கால் விரல்களைக் கீழ்நோக்கி நீட்டி இறுக்கவும் சொல்லாதீர்கள், கெண்டைக்கால் இழுத்துக்கொள்ளும். உடலிலிருந்து நீரை எடுத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த வலியைத் தாங்க முடியாது. பாதத்தை முகத்தை நோக்கி மெதுவாக மடக்கச் சொல்வது போதும். மூச்சை அடக்கிக்கொண்டு இறுக்கினால் பி.பி. ஏறும். சர்க்கரை நோயால் விழித்திரை கெட்டவர்கள் முகத்தைச் சுளித்து முக்கும் பகுதியை விட்டுவிடலாம்.

நேரத்தைப் பொறுத்தவரை, முதல் அரை மணி நேரத்தில் உங்களுக்கே மூச்சுவிட நேரமிருக்காது. கடைசி ஒரு மணி நேரத்தில்தான் பி.பி. இறங்குவதும் தசைப்பிடிப்பும் அதிகம் வரும். இரண்டுக்கும் இடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். கண்ணை மூடி அசையாமல் கிடப்பவர் தளர்ந்திருக்கிறாரா, பி.பி. விழுந்து கிடக்கிறாரா, சர்க்கரை இறங்கிவிட்டதா என்பது தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் பி.பி. பாருங்கள். நடுவில் அருகே போய் நெற்றி வியர்த்திருக்கிறதா என்று பாருங்கள், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். விளக்கைக் குறைத்தாலும் போர்வை போர்த்தினாலும் ஊசி இருக்கும் கை வெளியே தெரிய வேண்டும். போர்வைக்குள் ஊசி கழன்றால் ரத்தம் போவது யார் கண்ணுக்கும் படாது.

---

கரும்புத்தோட்டம்

நெல்லிக்குப்பத்திலிருந்து எழுதுகிறேன். என் அம்மா வாரம் இருமுறை டயாலிசிஸ் செய்துகொள்கிறார். வீட்டுக்குக் கூட்டி வரும்போது ஆலையில் பிழிந்து போட்ட சக்கைபோல இருப்பார். பயிற்சிகள் நல்லவைதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் அனுபவத்தில் அம்மாவின் களைப்பு குறைந்தது வேறு இரண்டு காரணங்களால். ஹீமோகுளோபின் ஏழுக்குப் பக்கத்தில் கிடந்தது. ரத்தம் ஊறுவதற்கான ஊசியும் இரும்புச் சத்தும் போட்டுப் பத்தைத் தாண்டிய பிறகு வாசலில் கோலம் போடுமளவுக்குத் தெம்பு வந்தது. அடுத்து, உலர் எடையை, அதாவது மிகுதித் தண்ணீரை எடுத்த பிறகு இருக்க வேண்டிய எடையை, திருத்தினார்கள். அதுவரை அளவுக்கு மீறித் தண்ணீர் எடுத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

இந்த இரண்டையும் பார்க்காமல் ‘கண்ணை மூடு, மூச்சைக் கவனி’ என்று ஆரம்பித்தால் நோயாளி என்ன செய்வார்? சொன்னதைச் செய்வார். நமக்கும் ஏதோ செய்துவிட்ட திருப்தி வரும். ரத்தசோகை அப்படியே இருக்கும்.

---

ஆனந்தப் பிராணன்

புதுச்சேரியில் யோகா கற்பிக்கிறேன். அமெரிக்கர்களின் பெயர்கள் எதற்கு? சவாசனமும், படுத்தபடி வழிகாட்டும் குரலைக் கேட்டுத் தளரும் யோக நித்திரையும் நம்மிடம் இருக்கின்றன. பம்பாயில் மருத்துவர் தாத்தே, உயர் ரத்த அழுத்த நோயாளிகளைச் சவாசனம் செய்ய வைத்துக் கண்டதை 1969-இலேயே வெளியிட்டுவிட்டார். பென்சன் வருவதற்கு முன்பு! நம் ஊரிலேயே சுவாமி கீதானந்தர் 1968-இல் ஆனந்தா ஆசிரமத்தைத் தொடங்கியதிலிருந்து எத்தனை தலைமுறை ஆசிரியர்கள் உருவாகியிருக்கிறார்கள். 2008-இல் ஜிப்மரும் மொரார்ஜி தேசாய் தேசிய யோகா நிறுவனமும் சேர்ந்து யோகா சிகிச்சைக்கென்றே ஒரு மையத்தை அமைத்தன.

அரை மணி நேர யோக நித்திரை நான்கு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம். செவிலியர்கள் இதைப் பழகினால் நைட் டூட்டிக் களைப்பு என்ற பேச்சே இருக்காது. நோயாளிகளுக்கும் மருந்தைப் படிப்படியாகக் குறைத்துவிடலாம்.

---

கோரிமேடு வாசி

மருத்துவ முதுநிலை மாணவன். மேலே ஐயா எழுதியதில் பாதியை மகிழ்ச்சியுடன் ஏற்கிறேன், மீதிப் பாதியை ஏற்க முடியாது.

சவாசன ஆய்வும் ஜிப்மர் மையமும் உண்மை. ‘நான்கு மணி நேரத் தூக்கத்துக்குச் சமம்’ என்பதற்கு எந்தத் தூக்க ஆய்வகமும் சான்று தரவில்லை. தூக்கக் கடனைத் தூக்கத்தால்தான் அடைக்க முடியும். விடியற்காலை மூன்று மணிக்கு மேல் உடலின் உள் கடிகாரமே விழிப்பைக் கீழே இழுக்கிறது. எந்த ஆசனமும் அதைத் தடுத்து நிறுத்தாது. மருந்தைக் குறைப்பது பற்றிய வரியைத் தயவுசெய்து திருத்துங்கள். டயாலிசிஸ் நோயாளி தானாக பி.பி. மாத்திரையை நிறுத்தினால் என்ன ஆகும் என்பதை அவசரப் பிரிவில் பார்க்கிறவன் நான்.

இனி சான்று. டயாலிசிஸ் களைப்புக்குத் தளர்வுப் பயிற்சி என்ற தலைப்பில் நிறைய ஆய்வுகள் வந்திருக்கின்றன. பல ஈரானிலும் துருக்கியிலும் நடந்தவை. பெரும்பாலானவற்றில் களைப்பு மதிப்பெண் குறைந்ததாகவே முடிவு. ஆனால் ஆய்வுகள் சிறியவை. ஒரு குழுவுக்குப் பயிற்சி, இன்னொரு குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். யாருக்கு எது கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். களைப்புக்கு மதிப்பெண் போடுவதும் நோயாளியேதான். தினமும் ஒரு சிஸ்டர் பக்கத்தில் அமர்ந்து கனிவாகப் பேசியதன் பலன் எவ்வளவு, பயிற்சியின் பலன் எவ்வளவு என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. நோயாளிக்கு இரண்டும் சேர்ந்துதான் கிடைக்கின்றன.

புற்றுநோய்க் களைப்பில் நிலைமை இன்னும் தெளிவு. 2017-இல் 113 ஆய்வுகளை, 11,525 நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு வந்தது. உடற்பயிற்சியும் உளவியல் முறைகளும் மருந்துகளைவிடக் களைப்பை அதிகம் குறைத்தன. முதலில் பரிந்துரைக்க வேண்டியது மாத்திரை அல்ல என்பது அதன் முடிவு.

கரும்புத்தோட்டம் சொன்னதை நூற்றுக்கு நூறு வழிமொழிகிறேன். இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நீரை எவ்வளவு வேகமாக எடுக்கிறோம் என்பது களைப்பில் பெரிய பங்கு வகிக்கிறது. ஒரு கிலோ உடல் எடைக்கு மணிக்கு 13 மில்லிலிட்டருக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது என்பது பரவலாகப் பின்பற்றப்படும் வரம்பு. 50 கிலோ எடையுள்ளவருக்கு நான்கு மணி நேரத்தில் இது 2.6 லிட்டர். வாரம் இருமுறை மட்டும் வருகிறவர்கள் நான்கு லிட்டருடன் வந்து உட்கார்ந்தால் மெஷின் என்ன செய்யும்? ஞாயிற்றுக்கிழமைக் கருவாட்டுக் குழம்பையும் அதற்குப்பின் வரும் தாகத்தையும் பற்றிப் பேசாமல் தளர்வைப் பற்றி மட்டும் பேசுவது பாதி வைத்தியம்.

---

கரும்புத்தோட்டம்

கருவாட்டைப் பற்றி என் அம்மாவிடம் நீங்களே வந்து பேசுங்கள் தம்பி. நான் தோற்றுவிட்டேன்.

---

ஆனந்தப் பிராணன்

மருந்தைக் குறைப்பது பற்றி நான் எழுதியது மருத்துவரின் மேற்பார்வையில் என்ற பொருளில்தான். மற்றபடி, அனுபவத்தில் விளைவதையெல்லாம் ஆய்வகத்தில் அளந்துவிட முடியாது என்பது என் நிலைப்பாடு.

---

பாகூர் ஏரிக்கரை

இந்த இழையில் டயாலிசிஸ் பற்றி மட்டுமே பேச்சு போகிறது. கோரிமேடு வாசி புற்றுநோயைத் தொட்டதால் எழுதுகிறேன். மார்பகப் புற்றுநோய்க்குப் புதுச்சேரியில் கீமோ எடுத்துக்கொண்டவள் நான்.

கீமோ முடிந்த வாரத்தில் வரும் களைப்பைச் சொல்லிப் புரிய வைப்பது கடினம். தலை வாரிக்கொண்டு, பிறகு சீப்பைக் கீழே வைக்கவும் மனமில்லாமல் அப்படியே உட்கார்ந்திருப்பேன். வீட்டில் எல்லோரும் ‘படு, படு, ஓய்வெடு’ என்றார்கள். மாமியார் தண்ணீர்ச் சொம்பைக்கூட எடுக்க விடவில்லை. படுக்கப் படுக்கக் களைப்பு கூடியது. இரவில் தூக்கம் போயிற்று.

வார்டில் ஒரு சிஸ்டர் எனக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிக் கொடுத்தார். மருந்து ஏறும்போது கண்ணை மூடி, பிடித்த ஓர் இடத்தில் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். அங்கே என்ன வாசனை, காலுக்கடியில் மண் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே போவார். வழிகாட்டிய கற்பனை என்று பிறகு தெரிந்துகொண்டேன். குமட்டலின் பயத்தை அது நன்றாகவே தணித்தது. களைப்பைக் குறைத்ததா என்றால், கொஞ்சம்.

இரண்டாவது, நடப்பது. தினமும், கொஞ்சமாவது, முடிந்தபோது. எங்கள் ஏரிக்கரையில் முதலில் பனைமரம் வரை, பிறகு மதகு வரை. என்னைத் தூக்கி நிறுத்தியது அதுதான். ஆகவே சிஸ்டர், உங்கள் நோயாளிகளில் நடக்க முடிந்தவர்களை டயாலிசிஸ் இல்லாத நாட்களில் நடக்கச் சொல்லுங்கள். மருத்துவரைக் கேட்டுக்கொண்டுதான். படுக்கையிலேயே எல்லாப் பயிற்சியையும் வைத்துவிட வேண்டாம்.

---

ஓய்வுபெற்ற மேட்ரன்

அம்மா மஞ்சக்குப்பம், உன் முதல் கேள்விக்கு எல்லோரும் பதில் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதை யாரும் தொடவில்லை. நான் தொடுகிறேன்.

இரவு முழுவதும் நின்ற பெண்ணைக் காலை எட்டு மணிக்கு மேல் பிடித்து வைத்து ‘தளர்வாக இரு’ என்று சொல்வதும், அதற்குக் கையெழுத்து வாங்குவதும் சிகிச்சை இல்லை. சம்பளமில்லாத இன்னொரு டூட்டி. அவள் அந்த நேரத்தில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வெயிலில் வீடு போக வேண்டும். பயிற்சியில் அரைத் தூக்கத்துக்குப் போனவளைச் சாலையில் அனுப்புவது இன்னும் மோசம். நைட் டூட்டி முடிந்து வண்டி ஓட்டிப் போய் விழுந்த பிள்ளைகளைப் போய்ப் பார்த்து வந்தவள் என்பதால் சொல்கிறேன்.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் செவிலியர்களுக்கென்றே ஓர் உடன்படிக்கையையும் ஒரு பரிந்துரையையும் கொண்டுவந்தது. ஓய்வு இடைவேளை வேலை நேரத்துக்குள் கணக்கிடப்பட வேண்டும், இரண்டு ஷிஃப்டுகளுக்கு இடையில் குறைந்தது 12 மணி நேரம் தொடர்ச்சியான ஓய்வு வேண்டும் என்று அந்தப் பரிந்துரை சொல்கிறது. பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, தெரியும். ஆனால் எழுத்தில் இருக்கிறது. உங்கள் நிர்வாகத்துக்கு எழுதும் கடிதத்தில் இதைச் சேர்.

பொது மருத்துவமனை வார்டில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், கற்பிக்கும் மருத்துவமனை என்றால் மூன்று பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்த அளவு. இரவில் ஒருத்தி எத்தனை கட்டிலைப் பார்க்கிறாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். ஆளைப் போடாமல் மூச்சுப்பயிற்சியைப் போடுகிறார்கள். 2019-இல் உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டில் பணிச்சோர்வைச் சேர்த்தபோது, அதை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் கையாளப்படாத அழுத்தத்தால் வருவது என்றுதான் எழுதியது. காரணம் வேலையிடத்தில் இருக்கும்போது வைத்தியம் செவிலியரின் மூக்குத் துவாரத்தில் எப்படி இருக்கும்?

---

ஷிஃப்ட் பறவை

மேட்ரன் அம்மா, உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் நான் வேறு விதமாக யோசிக்கிறேன்.

புதுச்சேரியில் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறேன். ஆள் எண்ணிக்கை நாளையே சரியாகப் போவதில்லை. அதுவரை நான் என்ன செய்வது? மருந்து அறையில் நின்றபடியே தோளை இறக்கி, தாடையைத் தளர்த்தி, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதை நீளமாக்கி ஐந்தாறு மூச்சு விடுவேன். ஒரு நோயாளி இறந்து, அந்தக் கட்டிலைத் துடைப்பதற்குள் அடுத்த நோயாளி வந்துவிடும் இரவுகளில் என்னைக் கையில் பிடித்து வைத்திருப்பது அதுதான். களைப்பு போகிறது என்று சொல்ல மாட்டேன். கை நடுக்கம் நிற்கிறது. ஊசி மருந்தின் அளவை இரண்டாம் முறை சரிபார்க்கப் பொறுமை வருகிறது.

நிர்வாகம் அதை வைத்து ஏமாற்றுகிறது என்பதற்காக அதை நான் விடுவதா?

---

ஓய்வுபெற்ற மேட்ரன்

விடாதே கண்ணே. நீயாக எடுத்துக்கொள்வது உன் சொத்து. அவர்கள் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பதைப் பற்றித்தான் நான் பேசினேன்.

இன்னொன்றும் செய். இரவில் இருபது நிமிடம், கூடிப்போனால் அரை மணி நேரம் தூங்க வழி இருந்தால் தூங்கு. அதற்குமேல் போனால் எழும்போது தலை கனத்து, கொஞ்ச நேரம் எதுவும் ஓடாது. அந்த நேரத்தில் யாராவது சரிந்தால் ஆபத்து. ஒருத்தி தூங்கும்போது மற்றவள் அவளுடைய கட்டில்களையும் பார்த்துக்கொள்வது என்று எங்கள் காலத்தில் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு இருந்தது. சட்டத்தில் இல்லை, வார்டில் இருந்தது.

---

கோரிமேடு வாசி

ஷிஃப்ட் பறவை சொன்ன நீளமான வெளிமூச்சுக்கு உடலியங்கியல் காரணம் உண்டு. மூச்சை வெளியே விடும்போது, இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் செல்வாக்கு கூடி இதயத் துடிப்பு சற்றே இறங்குகிறது. நிமிடத்துக்கு ஆறு மூச்சு அளவில் இந்த ஏற்றஇறக்கம் மிக அதிகமாக இருக்கிறது. ஆகவே நடுக்கம் நிற்பது கற்பனை இல்லை.

எங்கள் பக்கத்துக் கதையையும் சொல்லிவிடுகிறேன். மத்திய அரசின் 1992 உறைவிட மருத்துவர் திட்டத்தில், தொடர்ச்சியான பணி சாதாரணமாக ஒரு நாளைக்கு 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்று இருக்கிறது. நான் பிறப்பதற்கு முன்பே எழுதப்பட்டது. படித்துவிட்டுச் சிரித்துக்கொள்வோம்.

---

நெறியாளர்

இழை நன்றாகப் போகிறது. ஒரே வேண்டுகோள்: எந்த மருத்துவமனையையும் பெயர் சொல்லிக் குறை கூற வேண்டாம். அப்படி எழுதப்பட்ட ஒரு பதிவை நீக்கியிருக்கிறேன். ‘உடனடிச் சக்தி’ எண்ணெய் விளம்பரத்தையும் நீக்கிவிட்டேன். வாசனை எண்ணெய் பற்றிப் பேசலாம், விற்கக்கூடாது.

---

லாஸ்பேட்டை பிசியோ

எண்ணெய் என்றதும் ஒரு குறிப்பு. லாவெண்டர் போன்ற வாசனைகளை டயாலிசிஸ் களைப்புக்குச் சோதித்த ஆய்வுகள் இருக்கின்றன. ஆனால் பலர் சேர்ந்து படுத்திருக்கும், குளிர்சாதனம் ஓடும் மூடிய அறையில் ஒருவருக்காகத் தெளித்தால் பக்கத்து நாற்காலி ஆஸ்துமாக்காரருக்கு இழுப்பு வரும். வேண்டாம்.

---

மஞ்சக்குப்பம் சிஸ்டர்

எல்லோருக்கும் நன்றி. உடனே பதில் எழுதாமல், செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன். சில வாரங்கள் ஓடிவிட்டன.

முதலில் மருத்துவரிடம் கரும்புத்தோட்டம் எழுதியதைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கவில்லை. எல்லோருடைய ஹீமோகுளோபினையும் உலர் எடையையும் ஒருமுறை புதிதாகப் பார்த்துவிட்டே தொடங்கினோம். சிலருக்கு எடை மாறியது. அவர்கள் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே ‘பரவாயில்லை’ என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்!

பிசியோ சொன்னபடி பென்சன் முறையை எடுத்துக்கொண்டோம். இரண்டாம் மணி நேரத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தொடங்குவேன். அதை அணைத்ததற்குத்தான் முதல் எதிர்ப்பு. ஆளுக்கொரு சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். முருகா, அல்லாஹ், மாதாவே என்று வந்தன. அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர், வெகு நேரம் யோசித்துவிட்டு ‘ரைட்’ என்றார். கடலூர் – புதுச்சேரித் தடத்தில் ஆயுளைக் கழித்தவர். வேறு சொல் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மூச்சு வெளியே போகும்போதெல்லாம் அவருடைய உதடு மட்டும் ‘ரைட்’ என்று அசையும். இதுவரை நான் பார்த்ததில் மிக ஆழமாகத் தளர்பவர் அவர்தான். அருகே போய்க் கூப்பிட்டால், கண்ணைத் திறக்காமலே ‘உள்ளே போங்க, உள்ளே போங்க’ என்கிறார். பி.பி. சரியாகத்தான் இருக்கிறது, பார்த்துவிட்டேன்.

எல்லோருக்கும் இப்படி அமையவில்லை. ஓர் அம்மாவுக்குக் கண்ணை மூடியதும் படபடப்பு வந்து அழுதுவிட்டார். சுனாமியில் பிள்ளையைப் பறிகொடுத்தவர். அவரைக் கண்ணைத் திறந்தபடியே ஜன்னலுக்கு வெளியே பார்க்கச் சொல்லி, கூடவே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறேன். பயிற்சிக்கு வற்புறுத்தவில்லை. இன்னொருவர் இந்தப் பத்து நிமிடத்தையும் கைப்பேசியிலேயே கழிக்கிறார். அதுவும் அவர் விருப்பம்.

பயன் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று மருத்துவரிடம் கேட்டேன். ஒரே ஒரு கேள்வியை எழுதிக் கொடுத்தார்: ‘சென்ற முறை டயாலிசிஸ் முடிந்து, பழைய நிலைக்குத் திரும்ப எவ்வளவு நேரம் ஆயிற்று?’ வருகிறவர்களிடம் எடை பார்க்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். மாலையில் எழுந்தவர்கள் சிலர் மதியமே எழுந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். சிலருக்கு ஒரு மாற்றமும் இல்லை. எடையைத் திருத்தியதாலா, பயிற்சியாலா, தொலைக்காட்சி அணைந்த அமைதியாலா என்று கேட்டால் கோரிமேடு வாசி என்னை விட மாட்டார், ஆகவே முன்கூட்டியே சொல்கிறேன்: பிரிக்க முடியவில்லை.

செவிலியர் விஷயம். மேட்ரன் அம்மா சொன்ன 1977 பரிந்துரையை எழுதிக் கடிதம் கொடுத்தோம். காலைப் பயிற்சி நின்றது. இரவில் ஒருவர் மாற்றி ஒருவர் சாய்ந்துகொள்ள ஒரு சாய்வு நாற்காலியும் தனி அறையும் கொடுத்திருக்கிறார்கள். ஆள் போதுமான இரவுகளில் மட்டும் அது பயன்படுகிறது. மற்ற இரவுகளில் நாற்காலி ஓய்வெடுக்கிறது. வருகைப் பதிவேடும் அந்த அறைக்கு இடம் மாறியிருக்கிறது.

---

கோரிமேடு வாசி

அந்த ஒற்றைக் கேள்வி நல்ல கருவி. 2014-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் இதே கேள்வியைக் கேட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்குள் தேறியவர்கள் மூன்றில் ஒரு பங்கினர், 12 மணி நேரத்துக்கு மேல் ஆனவர்கள் பத்தில் ஒரு பங்கினர். தேற நீண்ட நேரம் ஆனவர்களிடையே மருத்துவமனை அனுமதியும் இறப்பும் கூடுதலாக இருந்தன. ஆகவே யாருக்காவது நேரம் திடீரென்று நீண்டால், அதைப் பயிற்சி தோற்றது என்று எடுத்துக்கொள்ளாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். கண்ணை மூடியதும் வரும் படபடப்பும் அறியப்பட்ட ஒன்றுதான். நீங்கள் செய்ததுதான் சரி.

---

கரும்புத்தோட்டம்

சிஸ்டர், உங்கள் குரலில் அந்தப் பத்து நிமிடத்தை ஒலிப்பதிவு செய்து இங்கே போட முடியுமா? அம்மா செல்லும் இடத்தில் இப்படிச் சொல்லித்தர யாரும் இல்லை. டயாலிசிஸ் இல்லாத நாளில் வீட்டிலும் போட்டுக் கேட்கலாம்.

---

மஞ்சக்குப்பம் சிஸ்டர்

செய்கிறேன் அண்ணா. கைப்பேசியில் ஏற்கெனவே ஒன்று பதிவு செய்து வைத்திருக்கிறேன். தொடக்கத்தில் ‘வலது கையைத் தளரவிடுங்கள்’ என்று இருக்கிறது, நடுவில் லேசாக முஷ்டி மடக்கும் பகுதியும் உண்டு. மருத்துவர் ஒருமுறை கேட்டுவிட்டால் போட்டுவிடலாம்.

---

லாஸ்பேட்டை பிசியோ

அவசரப்பட வேண்டாம். ஃபிஸ்டுலா எல்லோருக்கும் இடது கையில் இருக்காது. ஊசி வலது கையில் இருக்கும் ஒருவர் நாற்காலியில் இதைக் கேட்டு அந்தக் கையை மடக்கிவிடுவார். முஷ்டி மடக்கும் பகுதியை முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகப் பதிவு செய்யுங்கள். ‘வலது கை’ என்பதற்குப் பதில் ‘ஊசி இல்லாத கை’ என்று சொல்லுங்கள். கரும்புத்தோட்டம், அம்மாவுக்கு எந்தக் கையில்?

---

கரும்புத்தோட்டம்

வலது கையில்தான்.

---

மஞ்சக்குப்பம் சிஸ்டர்

அப்படியானால் நாளை மாலை டூட்டி முடிந்ததும் மாற்றிப் பதிவு செய்து, மருத்துவர் கேட்ட பிறகு போடுகிறேன்.